பிறை தெரிஞ்சா லீவு, கரண்ட் போனா மாப்பிள்ளை

போன்லயே ஏ.சி. ரிப்பேர் பார்க்கிற வேலையில கை அழுக்காகாது, காதுதான் அழுக்காகும்.

நான் கருமத்தம்பட்டிக்காரி. பேரு ஸ்டெல்லா. சரவணம்பட்டியில ஒரு கண்ணாடிக் கட்டடத்துல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வளைகுடாவுல ஒரு முஸ்லிம் நாடு. அங்கே யார் வீட்டு ஏ.சி. மக்கர் பண்ணினாலும் போன் அடிக்கிறது இங்கே, என் காதுல. நாட்டுப் பேரைச் சொன்னா எங்க டீம் லீடர் கார்த்தி கோவிச்சுக்குவார், அதனால வேண்டாம். அந்த நாட்டு லீவுதான் எங்களுக்கும் லீவு. தீபாவளி, பொங்கல், எங்க கிறிஸ்துமஸ் எதுவும் கணக்குல கிடையாது. அவங்களுக்குப் பெருநாள்னா நமக்கும் பெருநாள்.

அடுத்தவங்க காலண்டர்ல பொழப்பு நடத்துற சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதை எழுதறேன். இந்தக் காலண்டரால என் கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போயி, ஒரு நல்ல மாப்பிள்ளை கை நழுவப் பார்த்தார். அதையும் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க.

வெள்ளிக்கிழமை லீவுக்காரி

எங்களுக்கு வார லீவு வெள்ளியும் சனியும். ஞாயித்துக்கிழமை ஊரே சர்ச் பூசைக்குக் கிளம்பறப்ப நான் ஐ.டி. கார்டை மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். சனிக்கிழமை சாயந்தரப் பூசைக்கு ஒழுங்காப் போயிடறேன், ஆனா அதை ஒருத்தரும் பார்க்கறதில்லை. ஞாயித்துக்கிழமை நான் ஓடறது மட்டும் கோயில் வாசல்ல நிக்கிற அத்தனை பேர் கண்ணுலயும் படுது. அம்மாவுக்கு இது பெரிய மானப் பிரச்சினை. முன்னாடி வந்த ஒரு வரன், "பொண்ணு பூசைக்கே வர்றதில்லையாமே"ன்னு கேள்விப்பட்டுப் பாதியிலயே கழண்டுக்கிச்சு.

வெள்ளிக்கிழமை காலையில நான் வாசல்ல தலை காயவெச்சுக்கிட்டு உட்கார்ந்தா, எதிர்வீட்டு சரசக்காவுக்குப் பொறுக்காது. அவங்க வெள்ளி தவறாம மாரியம்மன் கோயிலுக்குப் போற ஆளு. ஒரு நாள் பூக்கூடையோட நின்னு என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "ஏனம்மணி, ஞாயித்துக்கெழமை வேலைக்குப் போயிடறே, வெள்ளிக்கெழமை சும்மா உக்காந்துக்கறே. உன்ற சாமிக்கு நீ என்னைக்குத்தான் அட்டெண்டன்ஸ் குடுக்கறே?"

ஏ.சி. ரூமில் ஒரு பிரஜை

பக்ரீத் லீவுல ஒரு நிம்மதி உண்டு. மாசப்பிறை பார்த்த பத்தாம் நாள் பெருநாள்ங்கறதால, தேதி முன்கூட்டியே கைக்கு வந்துடும். பல் டாக்டரைப் பார்க்கலாம், டிக்கெட் போடலாம், மனுசனா வாழலாம். ரமலான் பெருநாள் அப்படியில்லை. முந்தின நாள் சாயந்தரம் பிறை தெரிஞ்சாத்தான் மறுநாள் லீவு. தெரியலையா, மூட்டையைக் கட்டிக்கிட்டு வேலைக்கு வரணும். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி உதவும்.

போன வருசம் பக்ரீத்துக்கு முன்னாடி ஒருத்தர் கூப்பிட்டார். ஏ.சி. குளிர் பத்தலையாம். வழக்கம்போலக் கேட்டேன். ரூம்ல எத்தனை பேர் இருக்கீங்க சார்? ஒருத்தர்தான். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கா? சாத்தித்தான் வெச்சிருக்கேன், இல்லேன்னா ஓடிப்போயிடும்னார். எது ஓடிப்போகும்னு நான் கேக்கறதுக்குள்ள பின்னாடியிருந்து "மே"ன்னு ஒரு குரல்! பெருநாளுக்குக் குர்பானி கொடுக்க வாங்கின கிடாயை, வெயில் தாங்காதுன்னு ஏ.சி. ரூம்ல கட்டிப்போட்டிருக்கார். எங்க சித்தப்பா பட்டியில ஆடுக சித்திரை வெயில்ல வேலமரத்தடியில நின்னுக்கும், ஒண்ணும் கம்ப்ளெய்ண்ட் பண்ணாது.

மெக்கானிக் போய்ப் பார்த்தா ஃபில்டர் பூரா ரோமம். அதை அவர் கழட்டிச் சுத்தம் பண்றதுக்குள்ள கிடாய் அவரோட ஐ.டி. கார்டுக் கயித்தைத் தின்னு முடிச்சிருக்கு. நான் திரும்பக் கூப்பிட்டு, ஏ.சி. மனுசங்களுக்கானது சார்னு பணிவாச் சொன்னேன். அவருக்கு ரோசம் வந்துடுச்சு: "பெருநாள் வரைக்கும் அது எங்க வீட்டு விருந்தாளிம்மா, வேர்க்க விட்டா நல்லாவா இருக்கும்?"

வெறும் வயித்துக்காரர்

ரமலான் மாசத்துல சூரியன் மறையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற போன் காலை எடுக்க எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. பகல் பூரா தண்ணிகூடக் குடிக்காத மனுசன், ஏ.சி.யும் ஓடலைன்னா எப்படிப் பேசுவார்? ஒருத்தர் என்னைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினார். எங்க கம்பெனி, எங்க மெக்கானிக், நான், என் இங்கிலீஷ், ஒண்ணையும் விடலை. நான் "மன்னிக்கணும் சார்" மட்டும் வரிசையா அடுக்கிக்கிட்டிருந்தேன்.

திடீர்னு போன்ல நோன்பு திறக்கற பாங்கு சத்தம் கேட்டுது. அவர் பேச்சு நின்னுபோச்சு. கிளாஸ் வைக்கிற சத்தம். மடக் மடக்னு தண்ணி இறங்கற சத்தம். அப்புறம் ஒரு பெருமூச்சு. லைன் கட்டாயிடுச்சோன்னு நான் பார்க்கறப்ப, வேற ஏதோ மனுசன் மாதிரி ஒரு சாந்தமான குரல் வந்துச்சு: "இவ்வளவு நேரம் உங்ககிட்டப் பேசினது நானில்லம்மா, என் வயிறு. இப்பத்தான் நான் வந்திருக்கேன், நல்லா இருக்கீங்களா?"

கார்த்தியின் பிரியாணி

இந்த வருசம் அவங்க நோன்பும் ஈஸ்டருக்கு முந்தின எங்க தவக்காலமும் ஒண்ணா வந்து சேர்ந்துடுச்சு. பெருநாள் நெருங்க நெருங்க போன் கால் குவியும். பசங்க சோர்ந்துடக்கூடாதேன்னு கார்த்தி ஒரு மத்தியானம் சொந்தச் செலவுல பெரிய பாத்திரத்துல பிரியாணி கொண்டுவந்து இறக்கினார். வாசனை ஆறு மாடிக்கும் போயிடுச்சு.

ஒருத்தரும் எந்திரிக்கலை. மெக்கானிக்குகளை அனுப்பற நசீர் நோன்பு. நானும் அமலாவும் தவக்காலத்துக்குக் கறி விட்டாச்சு. மத்த ரெண்டு பேரு பழனிக்கு மாலை போட்டிருந்தாங்க. கார்த்தி கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு சீட்டாப் போயிட்டு வந்தார். பாவம், முகம் சுண்டிப்போச்சு. கடைசியில நடு ஹால்ல நின்னு கத்தினார்: "ஏனுங்க, இந்தப் பிரியாணியைத் திங்கறதுக்குச் சாமி பயமில்லாத ஆளு ஒருத்தருகூடவா நம்ம டீம்ல இல்லீங்க?"

உம் சாலிமின் சோபா

அந்த நாட்டுல மூத்த மகன் பேரைச் சொல்லி, அவனோட அம்மான்னு கூப்பிடறது மரியாதை. உம் சாலிம்னா சாலிமோட அம்மா. இந்த அம்மா நோன்பு ஆரம்பிச்சதிலிருந்து எனக்குத் தினப்படி கஸ்டமர். விருந்தாளிகளை உட்கார வைக்கிற பெரிய ஹால்ல ஏ.சி. ஒழுகுது. சரியா சோபா மேல. மெக்கானிக் போவார், சரி பண்ணிட்டேன்பார், அவர் வண்டி தெரு முனை திரும்பறதுக்குள்ள மறுபடி சொட்டும்.

இங்கிலீஷ், ஹிந்தி, அரபி மூணையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிப் பேசுவாங்க. நான் உங்களுக்காக நம்மூர்த் தமிழ்ல சொல்றேன். முதல் வாரம் என்னை "மேடம்"னாங்க, அப்புறம் "ஸ்டெல்லா"ன்னாங்க, அப்புறம் "மகளே"ன்னாங்க. மகளேன்னு ஆரம்பிச்சாத் திட்டு பலமா இருக்கும்னு நானும் புரிஞ்சுக்கிட்டேன். ஒரு நாள் நான், இன்னும் ரெண்டு நாள்ல சரியாயிடும்மான்னு சொல்லி வாயை மூடலை, ஆரம்பிச்சுட்டாங்க: "மகளே, பெருநாளைக்கு என் சம்பந்தி வர்றா. அவளைக் குடை பிடிச்சுக்கிட்டு உட்காருன்னு நான் சொல்லவா, நீ வந்து சொல்றியா?"

மாப்பிள்ளை வீட்டு லீவு

இப்ப மாப்பிள்ளைக்கு வருவோம். பேரு பெலிக்ஸ். சோமனூர். சொந்தமாத் தறி போட்டுக் கூலிக்கு நெய்யறாங்க. போட்டோவுல சிரிச்ச முகம். எனக்குப் பிடிச்சிருந்துச்சு, இதுல மறைக்க என்ன இருக்கு?

ஆனா அவங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்து வெளிய கிளம்பணும்னா தறி நிக்கணும். தறிக்கு லீவு விடற ஒரே ஆளு ஈ.பி.காரங்க. மாசம் ஒருக்கா பராமரிப்புன்னு பகல் பூரா கரண்டை நிறுத்துவாங்களே, அன்னைக்குத்தான் அந்தக் குடும்பத்துக்குக் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாம். ஒரு தடவை நபிகள் பிறந்தநாள் லீவும் ஷட்டவுனும் ஒரே நாள்ல வந்துச்சேன்னு பொண்ணு பார்க்க ஏற்பாடு பண்ணினோம். அந்த நாட்டுல லீவைத் தூக்கி வாரக்கடைசியோட சேர்த்துட்டாங்க, போச்சு. அடுத்த தடவை எனக்கு லீவு இருந்துச்சு, ஈ.பி.காரங்க ஷட்டவுனை ஒத்திவெச்சுட்டாங்க. இப்ப மூணாவது. இந்த மாசம் ஷட்டவுன் விழற நாள், பிறை மட்டும் முந்தின நாளே தெரிஞ்சுட்டா பெருநாள் லீவு. தவக்காலத்துல கல்யாணம்தான் ஆகாது, பொண்ணு பார்க்கறதுல தப்பில்லைன்னு ஃபாதரும் சொல்லிட்டார்.

இந்தத் தடவையும் தவறினா அவங்க வேற இடம் பார்த்துக்குவாங்கன்னு தரகர் எங்க அம்மா காதுல போட்டுட்டுப் போனார். அம்மாவுக்குச் சோறு இறங்கலை. பெலிக்ஸோட அம்மா போன்ல நல்லவிதமாத்தான் பேசினாங்க, ஆனா கடைசியில சொன்னது எங்களுக்குச் சுருக்குன்னு இருந்துச்சு: "அம்மணிக்கு லீவு எப்பன்னு நெலாவைக் கேக்கோணும், எங்களுக்கு லீவு எப்பன்னு லைன்மேனைக் கேக்கோணும். எங்க காலத்துல தரகரை மட்டும் கேட்டாப் போதுமுங்க."

மொட்டைமாடியில் மூன்று பேர்

பிறை பார்க்கற அன்னைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். சாயந்தரம் வீட்டுக்கு வந்தா உள்ளே ஒருத்தரையும் காணோம். மாடிக்குப் போனேன். அப்பா, அம்மா, சரசக்கா மூணு பேரும் மேக்கால பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. அப்பா மில்லுக்கு வேன் ஓட்டறவர், தூரப்பார்வை நல்லா இருக்கும்னு அவரை முன்னாடி நிறுத்தியிருக்காங்க.

இங்க தெரிஞ்சு பிரயோஜனமில்லீங்கப்பா, அங்க தெரியணும்னு சொன்னேன். "நெலா ஒண்ணுதான கண்ணு"ன்னுட்டார். "அதா, அதா!"ன்னு சரசக்கா கத்தினாங்க. அம்மா சிலுவை போட்டுக்கிட்டாங்க. அது நகர ஆரம்பிச்சுது. ஏர்போர்ட்டுல இறங்கற பிளேன். அப்புறம் ஒண்ணுமில்லை. இருட்டாயிடுச்சு. கொஞ்ச நேரத்துல கார்த்தியோட மெசேஜ் வந்துச்சு: பிறை தெரியலை, நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வரணும், பெருநாளுக்கு முந்தின நாள்ங்கறதால ஒருத்தருக்கும் பிரேக் கிடையாது.

அம்மா தண்ணித்தொட்டித் திட்டுல உட்கார்ந்து வாய்விட்டு அழுதுட்டாங்க. மூணு தடவையா ஒரு பையன் தேடி வர்றான், ஒரு காபி கொடுக்க எனக்கு நேரமில்லைன்னா இது என்ன பொழப்பு? அப்பா மட்டும் வானத்துல இருந்து கண்ணை எடுக்கவேயில்லை. எங்க அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, அன்னைக்குத்தான் பார்த்தேன்: "நான் பார்த்துப்போட்டேன் கண்ணு. உங்க மேனேஜருக்குப் போனைப் போடு, நானே சாட்சி சொல்றேன்."

ஸ்பீக்கரில் சம்பந்தம்

கார்த்திகிட்ட அழாத குறையாக் கெஞ்சி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். "ஊட்டுல கரண்ட், நெட்டெல்லாம் இருக்குமுங்களா?"ன்னார். "அதெல்லாம் ஜம்முனு இருக்குமுங்க"ன்னேன். சோமனூர்ல கரண்ட் போனா எங்களுக்கும் போகும்ங்கறது, அதை நம்பித்தான் மாப்பிள்ளையே வர்றார்ங்கற நிலைமையிலயும், எங்க வீட்டுல ஒருத்தர் மூளைக்கும் உறைக்கலை. காலையில ஃபேன் நின்னப்பத்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

லேப்டாப்ல இருந்த சார்ஜும் போன் நெட்டுமா ஓட்டினேன். மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வந்துட்டாங்க. ஹால்ல அவங்க பேப்பரை மடிச்சு விசிறிக்கிட்டிருக்காங்க. உள்ரூம்ல நான் பட்டுப்புடவையில, ஹெட்போனோட, வேர்த்து ஊத்த, "ரூம் எத்தனை டிகிரியில இருக்குங்க மேடம்? இருபதா? அச்சச்சோ, அது ரொம்ப அதிகமாச்சே"ன்னு ஆறுதல் சொல்லிக்கிட்டிருக்கேன். அத்தனையும் ஹால்ல கேக்குது. ஒரு போன் காலை முடிச்சு லைனை வெச்சா அடுத்த கால் தானா வந்து விழும். நடுவுல எந்திரிச்சா வேலை போயிடும். எந்திரிக்கலைன்னா மாப்பிள்ளை போயிடுவார். பெலிக்ஸோட அப்பா வேற, கரண்ட் வந்துருச்சுன்னா தறி ஓட்டோணுமுங்கன்னு பல்பையே பார்த்துக்கிட்டிருந்தாராம். அம்மா கதவோரம் நின்னு கையைப் பிசையறாங்க.

அப்பத்தான் அடுத்த கால். உம் சாலிம். "மகளே!"ன்னு ஆரம்பிச்சவங்க, என் குரலைக் கேட்டதும் நிறுத்திட்டாங்க. ஏன் அழறேன்னு கேட்டாங்க. நானும் அடக்கமாட்டாம எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க கேட்டுட்டு, "நான் லைனை வெச்சாத்தானே அடுத்தவன் வருவான்? நான் வைக்கலை. நீ போய் காபி குடு. ஆனா ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் போ, பையன் குரலை நானும் கேக்கணும்"னாங்க.

ஸ்பீக்கரைப் போட்டேன், கதவைத் திறந்து வெச்சேன், தட்டோட ஹாலுக்குப் போனேன். பெலிக்ஸ் காபியைக் கையில எடுத்த நேரம் பார்த்து உள்ரூம்லிருந்து இங்கிலீஷ்ல ஒரு அதட்டல்: "பையா, உங்க வீட்டுல ஏ.சி. இருக்கா?" பெலிக்ஸோட அம்மா பதறி, "யாரம்மணி உள்ள?"ன்னாங்க. கஸ்டமருங்கன்னேன். வேற என்ன சொல்ல? பெலிக்ஸ் கப்பைக் கீழ வெச்சு, எந்திரிச்சு நின்னு, உள்ரூம் பக்கம் திரும்பி மரியாதையா இங்கிலீஷ்லயே பதில் சொன்னார். ஏ.சி. இல்லீங்க மேடம், அதனால ஒழுகவும் ஒழுகாதுங்கன்னார். நான் தினமும் படற பாட்டைத் தரகர் அவர்கிட்டச் சொல்லியிருக்கார் போல. ஸ்பீக்கரே கிழியற மாதிரி உம் சாலிம் சிரிச்சாங்க. ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க, எங்க அம்மா உட்பட. என் பொண்ணு பார்ப்பு முழுக்க கம்பெனி கால் ரெக்கார்டிங்ல தரப் பரிசோதனைக்காகப் பதிவாயிருக்கு, கார்த்தி இன்னும் அதை வெச்சு என்னை ஓட்டிக்கிட்டிருக்கார். நான் திரும்பி வந்து ஹெட்போனை எடுத்தப்ப உம் சாலிம் தீர்ப்பு சொன்னாங்க: "பையனுக்கு வாயும் இருக்கு, பணிவும் இருக்கு, விட்டுடாதே. இப்ப மெக்கானிக்கை அனுப்பு."

அனுப்பினேன். நசீர்கிட்டச் சொல்லி, நல்ல ஆளாப் பார்த்து அனுப்பினேன். அன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒழுகலும் நின்னுடுச்சு. இங்க, நான் அடுத்த போன் காலை எடுக்கறதுக்குள்ள ஹால்ல ஃபேன் சுத்த ஆரம்பிச்சுது. கரண்ட்! பெலிக்ஸோட அப்பா பாதி பஜ்ஜியோட எந்திரிச்சு, "தறி நிக்குதுங்க, வாரோமுங்க"ன்னு செருப்பை மாட்டிட்டார். சரியா வருமா வராதான்னு ஒரு வார்த்தை சொல்லாமயே எல்லாரும் வண்டிகிட்டப் போயிட்டாங்க. ஹெட்போனோட ஜன்னல்கிட்ட நின்னு பார்த்துக்கிட்டிருக்கேன், எனக்கு உயிரே இல்லை. பெலிக்ஸ் மட்டும் வாசல் கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தார். ஜன்னலுக்கு வெளிய நின்னு, நான் கஸ்டமர்கிட்டப் பேசிக்கிட்டிருப்பேனோன்னு நினைச்சு, ரொம்ப மெதுவாக் கேட்டார்: "ஏனுங்க, பக்ரீத் லீவுன்னா முன்கூட்டியே தேதி தெரிஞ்சுபோகுமாமே? நிச்சயத்தை அதுல வெச்சுக்கலாமுங்களா? தறியை நான் நிறுத்திக்கறனுங்க."

கல்யாணப் பத்திரிகையில "தங்கள் நல்வரவை விரும்பும்"னு போடற இடத்துல பிறையையும் ஈ.பி.யையும் உம் சாலிமையும் சேர்க்கணும்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், அம்மாதான் உம் சாலிமுக்கு மட்டும் சரிங்கறாங்க.